பென்ஷன் பெட்டிக்கு எத்தனை சாவி?

(நமது சங்கத்தின் மூத்தோர் கூட்டத்தில் பேசியது. வர முடியாதவர்கள் கேட்டுக்கொண்டதால் காலாண்டு மடலுக்காக எழுதித் தந்திருக்கிறேன்.)

ஞாயிற்றுக்கிழமை காலை டிபன் முடித்த கையோடு வந்து உட்கார்ந்திருக்கிறீர்கள், அதற்கே நன்றி சொல்ல வேண்டும்.

"பென்ஷன் பற்றி ஏதாவது பேசுங்க சார்" என்று செயலாளர் சொன்னார். லைஃப் சர்டிபிகேட் எப்படிக் கொடுப்பது, டி.ஏ. எப்போது ஏறும் என்றெல்லாம் நான் பேசுவேன் என்று நினைத்திருப்பார். அதையெல்லாம் வாட்ஸ்அப் குழுவில் நீங்கள் என்னைவிட நன்றாகவே அலசுகிறீர்கள். நான் கேட்க வந்தது வேறு. மாதக் கடைசியில் கணக்கில் விழும் அந்தப் பணம் எந்தப் பெட்டியிலிருந்து வருகிறது? பெட்டியைக் காவல் காப்பவர் யார்? அந்தக் காவல்காரரை யார் கவனிக்கிறார்கள்?

நான் வங்கியில் கிளார்க்காகவே இருந்து ஓய்வு பெற்றவன். வேலை பார்த்த எல்லாக் கிளைகளிலும் பணப் பெட்டகத்துக்கு இரண்டு சாவி. ஒன்று ஹெட் கேஷியரிடம், இன்னொன்று அதிகாரியிடம். இரண்டும் சேர்ந்தால்தான் கதவு திறக்கும். கேஷியர் வீட்டில் கல்யாணம் என்றாலும் சாவியை ரிஜிஸ்டரில் கையெழுத்துப் போட்டு ஒப்படைத்துவிட்டுத்தான் போவார். முப்பது வருடம் பக்கத்துப் பக்கத்து சீட்டில் உட்கார்ந்திருந்தாலும் இந்த வழக்கம் மாறாது. யாரும் அதைத் தவறாக எடுத்துக்கொண்டதும் கிடையாது.

ஆனால் என் சொந்தப் பென்ஷன் விஷயத்தில் இதே கேள்வியை நான் ரொம்ப நாள் கேட்கவில்லை. அரசுடைமை வங்கிகளில் பென்ஷன் வந்தது 1993 அக்டோபர் 29 ஒப்பந்தத்தால். விதிமுறைகள் 1995 செப்டம்பரில் அறிவிக்கப்பட்டன. எனக்கு அப்போது முப்பத்து சொச்சம் வயது. பி.எஃப். மொத்தமாகக் கைக்கு வரும், அதுவே போதும் என்று விருப்பம் கொடுக்கவில்லை. 2010 ஏப்ரலில் இரண்டாவது வாய்ப்பு வந்தபோது வீட்டில் சொல்லிச் சேர்ந்தேன். பணியில் இருந்தவர்கள் அதற்காக 2007 நவம்பர் சம்பளத்தைப் போல 2.8 மடங்கு கட்ட வேண்டியிருந்தது. அவ்வளவு கட்டியும், அந்தப் பணம் போய்ச் சேரும் இடம் எது என்று நான் விசாரிக்கவே இல்லை.

ஓய்வு பெற்ற பிறகுதான் விதிமுறைப் புத்தகத்தை எடுத்துப் படித்தேன். வங்கி தன் கணக்கிலிருந்து தனியாக, திரும்பப் பெற முடியாத ஒரு டிரஸ்டாகப் பென்ஷன் நிதியை வைக்க வேண்டும். சம்பளத்தில் பத்து சதவீதத்தை வங்கி மாதாமாதம் அதில் போட வேண்டும். ஒவ்வொரு மார்ச் 31-க்கும் ஆக்சுவரி வந்து கணக்குப் பார்க்க வேண்டும். ஆக்சுவரி என்பவர், இருக்கிற பணம் இன்னும் நாற்பது ஐம்பது வருடம் எல்லோருக்கும் கொடுக்கத் தாங்குமா என்று ஆயுள், வட்டி, சம்பள உயர்வு எல்லாவற்றையும் வைத்துக் கணிக்கிறவர். குறைந்தால் அந்தக் குறையை வங்கி இட்டு நிரப்ப வேண்டும்.

நல்ல ஏற்பாடுதான். ஆனால் அந்த டிரஸ்டில் அறங்காவலர்கள் யார் யார் என்று எனக்குத் தெரியாது. என்னோடு ஓய்வு பெற்ற பத்துப் பேரைக் கேட்டேன், அவர்களுக்கும் தெரியாது. தினமும் டே புக் டேலி ஆகும்வரை வீட்டுக்குப் போகாத ஆட்கள் நாங்கள்!

இதில் என்ன வந்துவிடப் போகிறது என்று கேட்கலாம். உத்தரப் பிரதேசத்தில் என்ன வந்தது என்று பாருங்கள். அங்கே மின்வாரிய ஊழியர்களின் சேமநல நிதியை இரண்டு டிரஸ்டுகள் நிர்வகித்தன. 2017 மார்ச்சிலிருந்து 2018 டிசம்பர் வரை அந்தப் பணத்தில் 4,100 கோடி ரூபாய்க்கு மேல் டி.எச்.எஃப்.எல். என்ற தனியார் வீட்டுக்கடன் நிறுவனத்தில் டெபாசிட்டாகப் போனது. வட்டி கொஞ்சம் கூடுதல். 2019-இல் அந்த நிறுவனம் தள்ளாடியது. பம்பாய் உயர் நீதிமன்றம் பணம் பட்டுவாடா செய்யத் தடை போட்டது. சுமார் 2,267 கோடி மாட்டிக்கொண்டது. செய்தி வெளியானது அந்த வருடம் நவம்பரில். லைன்மேன்களும் கிளார்க்குகளும் வேலையைப் புறக்கணித்துத் தெருவுக்கு வந்தார்கள். அதன் பிறகுதான் மாநில அரசு அந்தத் தொகைக்குப் பொறுப்பேற்க முன்வந்தது. அதிகாரிகள் கைதானார்கள், வழக்கு சி.பி.ஐ.க்குப் போனது.

நான் யோசித்தது அந்த இருபத்தொரு மாதத்தைப் பற்றி. ஒரே நாளில் போன பணம் இல்லை அது. ஒவ்வொரு தடவையும் யாரோ வவுச்சர் எழுதியிருப்பார், யாரோ கையெழுத்துப் போட்டிருப்பார். "ஏனுங்க, எல்லாப் பணத்தையும் ஒரே இடத்தில் வைக்கிறோமே" என்று ஓர் ஊழியர் கேட்க வேண்டுமானால், கணக்கு அவர் கண்ணில் பட்டிருக்க வேண்டும். நம்ம ஊர்க்காரர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். 2012-இல் பெருந்துறைப் பக்கம் ஈமு கோழியில் பணம் போட்டவர்கள் இந்தக் கூடத்திலேயே இருக்கலாம். அங்கே போனது அவரவர் கையால் கொடுத்த பணம். உத்தரப் பிரதேசத்தில் போனது, ஊழியருக்குத் தெரியாமல் அவர் பெயரில் இன்னொருவர் போட்ட பணம்.

பெரிய இடங்களில் எப்படி என்று தேடிப் பார்த்தேன். ஐ.நா. சபை ஊழியர்களுக்கு 1949-இலிருந்து ஒரு பொதுப் பென்ஷன் நிதி இருக்கிறது. நியூயார்க்கில் இருப்பவருக்கும் சென்னை யுனிசெஃப் அலுவலக ஊழியருக்கும் அதே நிதிதான். சம்பளத்தில் 7.9 சதவீதம் ஊழியர் கட்டுகிறார், 15.8 சதவீதம் நிறுவனம் கட்டுகிறது. மேலே 33 பேர் கொண்ட வாரியம். உறுப்பு நாடுகள், நிர்வாகத் தலைமை, ஊழியர்கள் என்று மூன்று தரப்பும் அதில் உட்காருகின்றன. முதலீட்டைக் கவனிப்பவர் ஒருவர், பென்ஷன் பட்டுவாடா செய்பவர் வேறொருவர். பார்த்தீர்களா, இரண்டு சாவி!

அங்கேயும் கோளாறு வந்தது. 2015-இல் புதுக் கம்ப்யூட்டர் முறைக்கு மாறியபோது, புதிதாக ஓய்வு பெற்றவர்களுக்கும் கணவரை இழந்தவர்களுக்கும் மாதக்கணக்கில் பணம் வரவில்லை. வாரியத்தை யார் கண்காணிப்பது என்ற கேள்வி அப்புறம் பெரிதாகி, 2018-இல் ஐ.நா.வின் உள்தணிக்கைப் பிரிவு வாரியத்தின் நிர்வாக முறையையே தணிக்கை செய்தது. பட்டுவாடாவுக்குத் தலைவரே வாரியத்துக்கும் செயலாளராக இருந்தார். அதாவது தன் வேலையை விசாரிக்கும் கூட்டத்துக்குத் தானே அஜெண்டா தயாரிப்பவர். அந்த இரண்டு பதவிகளையும் பொதுச்சபை பிரித்துவிட்டது. இன்னொன்றும் கவனித்தேன். ஓய்வு பெற்றவர்களின் பிரதிநிதிகள் அந்த வாரியத்தில் உட்காரலாம், பேசலாம், ஓட்டு மட்டும் கிடையாது.

மாதக்கணக்கில் பணம் வராதது என்றால் என்னவென்று எனக்கு ஒரு வீட்டில் தெரிந்தது. என்னோடு வேலை பார்த்த நண்பர் இறந்துபோனார். அவர் மனைவியின் பெயர் ஆதாரில் ஒரு மாதிரி, பென்ஷன் தாளில் வேறு மாதிரி. ஓர் இனிஷியல்தான் வித்தியாசம். குடும்பப் பென்ஷன் வர ஏழு மாதம் ஆயிற்று. அந்தம்மா ஒவ்வொரு மாதமும் பாஸ்புக் என்ட்ரி போட்டுப் பார்த்துவிட்டு, "இந்த மாசமும் வரலீங்கண்ணா" என்று எனக்குப் போன் செய்வார். யாரிடம் முறையிடுவது என்று எனக்கே மூன்றாவது மாதம்தான் பிடிபட்டது. இன்று வீட்டுக்குப் போனதும் உங்கள் பென்ஷன் தாளில் வீட்டம்மா பெயரை எழுத்துக் கூட்டிப் படித்துப் பாருங்கள்.

மில்லிலும் தறிப்பட்டறையிலும் வேலை பார்த்து வருங்கால வைப்புநிதிப் பென்ஷன் வாங்குபவர்களும் இங்கே இருக்கிறீர்கள். 1995 நவம்பரில் வந்த திட்டம் அது. குறைந்தபட்சப் பென்ஷன் 2014-இலிருந்து ஆயிரம் ரூபாய்தான். அந்தத் தொகையைப் பற்றி நான் பேசினால் கூட்டம் மதியம்வரை நீளும். 1952-ஆம் ஆண்டுச் சட்டப்படி அமைந்த மத்திய அறங்காவலர் குழுவுக்கு மத்தியத் தொழிலாளர் அமைச்சர் தலைவர். முதலாளிகள் தரப்பில் பத்துப் பேர், தொழிலாளர் தரப்பில் பத்துப் பேர், மத்திய அரசில் ஐந்து, மாநிலங்களில் பதினைந்து. பென்ஷன் வாங்குபவர்களுக்கென்று தனி இருக்கை அதில் இல்லை. சிப்காட்டில் வேலை பார்க்கும் பிள்ளைகளிடம் ஒன்று கேளுங்கள்: உன் பி.எஃப். அரசு அலுவலகத்தில் இருக்கிறதா, கம்பெனியின் சொந்த டிரஸ்டில் இருக்கிறதா? டிரஸ்ட் என்றால் அதில் பாதி அறங்காவலர்கள் தொழிலாளர் தரப்பு. அவர் யார் என்று தெரிந்து வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

வங்கிப் பென்ஷன்காரர்களுக்கு ஒரு சின்ன வேலை. உங்கள் வங்கியின் ஆண்டறிக்கை இணையத்தில் இருக்கும். கடைசிப் பக்கங்களில் கணக்குத் தரநிலை 15 என்ற தலைப்பில், கொடுக்க வேண்டிய மொத்தப் பென்ஷன் கடமை எவ்வளவு, நிதியில் இருக்கும் சொத்து எவ்வளவு என்று இரண்டு எண் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். இரண்டுக்கும் இடைவெளி வருடா வருடம் கூடுகிறதா என்று பார்த்தால் போதும். பி.காம். படித்தது இதற்காவது உதவட்டும்.

கடைசியாக நம்ம வீட்டு விஷயம். நமது கார்ப்பஸ் நிதியும் ஒரு பென்ஷன் நிதி மாதிரிதான். பத்து வருடம் கழித்து லிஃப்ட் மாற்றும்போது இங்கே யார் யார் குடியிருப்போமோ, அவர்களுக்காக இன்று வைத்திருக்கும் பணம். அதை அரை சதவீதம் வட்டி கூடக் கிடைக்கும் வேறு இடத்துக்கு மாற்றலாம் என்று ஒரு யோசனை குழுவில் ஓடுகிறது. மாற்றலாமா வேண்டாமா என்பதைப் பொதுக்குழு பேசட்டும். அதற்கு முன்னால் பொருளாளர் என்ற முறையில் நான் ஒன்று சொல்லியாக வேண்டும். டெபாசிட் ரசீதுகள் இருக்கும் அலமாரிக்கு ஒரே சாவி, அது என் வீட்டுப் பூஜை அறையில் தொங்குகிறது. நெட்பேங்கிங் கடவுச்சொல்லும் எனக்கு மட்டும்தான் தெரியும். மூன்று வருடமாக யாரும் கேட்கவில்லை, நானாகவும் சொல்லவில்லை.

இந்த மாதம் முடிவதற்குள் ஏ பிளாக்கிலிருந்து ஒருவர், பி பிளாக்கிலிருந்து ஒருவர் பெயர் கொடுங்கள். நான் வைத்திருக்கும் ரசீதுகளை ஒவ்வொன்றாக எடுத்து எண்ணிப் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். அரை மணி நேர வேலைதான். காபி எங்கள் வீட்டில்.