துணைவேந்தரை யார் நியமிப்பது? தென்காசி கேட்க வேண்டிய கேள்வி

(தென்காசியில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



குற்றாலத்துல ஸ்ரீ பராசக்தி மகளிர் கல்லூரி இருக்கு. குற்றாலநாதர் கோயில் நிர்வாகத்துல நடக்கிற கல்லூரி. அங்க படிக்கிற நம்ம வீட்டுப் பிள்ளைக்குப் பட்டம் கொடுப்பது யார்? அபிஷேகப்பட்டியில் இருக்கும் மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகம். 1990-ல் தொடங்கிய இந்தப் பல்கலைக்கழகம்தான் நெல்லை, தென்காசி, தூத்துக்குடி, குமரி மாவட்டக் கல்லூரிகளுக்குத் தாய்வீடு. பட்டச் சான்றிதழ் அங்கிருந்துதான் வருது.

அப்போ அந்தப் பல்கலைக்கழகத்துல யார் முடிவெடுக்கிறாங்கன்னு நாம கேட்கணுமா, வேண்டாமா?

வேந்தர் ஆளுநர். துணைவேந்தரை நியமிக்கும் அதிகாரம் அவரிடம் இருந்தது. சம்பளத்துக்கும் கட்டடத்துக்கும் நிதி கொடுப்பது மாநில அரசு, அதாவது உங்க வரிப்பணம். பணம் ஒரு பக்கம், அதிகாரம் ஒரு பக்கம். இதை மாத்தத்தான் 2022 ஏப்ரலில் சட்டமன்றம் மசோதா நிறைவேற்றியது. பிறகு நடந்ததைத் தேதியோடு பாருங்க.

🔹 2023 நவம்பர் 13: பல்கலைக்கழக மசோதாக்கள் உட்பட 10 மசோதாக்களை ஆளுநர் திருப்பி அனுப்பினார்.
🔹 நவம்பர் 18: சட்டமன்றம் சிறப்புக் கூட்டம் கூட்டி மீண்டும் நிறைவேற்றியது. அவர் குடியரசுத் தலைவருக்கு அனுப்பினார்.
🔹 2025 ஏப்ரல் 8: அது செல்லாது, 10 மசோதாக்களும் ஒப்புதல் பெற்றதாகவே கருதப்படும் என்றது உச்ச நீதிமன்றம்.
🔹 மே 21: துணைவேந்தர் நியமனத் திருத்தங்களுக்குச் சென்னை உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது.
🔹 நவம்பர் 20: குடியரசுத் தலைவர் கேட்ட கேள்விகளுக்குப் பதிலளித்த அரசியல் சாசன அமர்வு, ஆளுநருக்குக் காலக்கெடு விதிக்க முடியாது, ‘ஒப்புதல் பெற்றதாகக் கருதுவதும்’ கூடாது என்று கருத்துச் சொன்னது.

இந்த இழுபறியில நஷ்டம் யாருக்கு? சென்னைப் பல்கலைக்கழகத்துல துணைவேந்தர் நாற்காலி 2023 ஆகஸ்டில் காலியானது. தேடுதல் குழுவில் யூஜிசி பிரதிநிதி வேணுமா வேண்டாமா என்ற சண்டையில் அது காலியாகவே கிடந்தது. தலைமை இல்லாத இடத்துல நியமனமும் ஆராய்ச்சியும் தேங்கிப் போகும். அடி வாங்குறது மாணவர்தான்.

2025 ஆகஸ்ட் 13-ல் நம்ம பல்கலைக்கழகப் பட்டமளிப்பு விழாவுல ஓர் ஆராய்ச்சி மாணவி ஆளுநரைக் கடந்து போய்த் துணைவேந்தரிடம் பட்டம் வாங்கினாங்க. அதைச் சரின்னு சொல்றவங்களும் உண்டு, தப்புன்னு சொல்றவங்களும் உண்டு. ஆனா ஒண்ணு யோசிங்க. முடிவெடுக்கிற சபையில குரல் இல்லாதவங்களுக்கு மேடைதானே மிஞ்சுது?

இன்னொண்ணையும் ஒளிக்காமச் சொல்றோம். அதிகாரம் ஆளுநர் மாளிகையிலிருந்து கோட்டைக்கு வந்தா மட்டும் போதாது. மக்கள் தேர்ந்தெடுத்த அரசைக் கேள்வி கேட்கலாம், தேர்தல்ல மாத்தலாம். அதனால அந்த மாற்றம் வேணும். ஆனா அதோட நின்னுட்டா முதலாளி மாறுவார், நிலைமை மாறாது. சிண்டிகேட்டில் அரசுச் செயலாளர்கள் இருக்காங்க, நியமன உறுப்பினர்கள் இருக்காங்க. பேருந்துல வந்து படிக்கிற கடையநல்லூர்ப் பிள்ளைக்கு அங்க யார் பேசுறது? கௌரவ விரிவுரையாளருக்கு யார் பேசுறது?

அதனால நாம கேட்பது:

✅ துணைவேந்தர் நியமனம் மக்களுக்குப் பதில் சொல்லும் அரசிடம் வரட்டும். தேடுதல் குழுவின் பரிந்துரை வெளியிடப்படட்டும்.
✅ சிண்டிகேட், செனட் முடிவுகள் தமிழில் இணையதளத்தில் வரட்டும்.
✅ லிங்டோ குழு 2006-லேயே வழி சொன்ன மாணவர் பேரவைத் தேர்தல் ஒழுங்கா நடக்கட்டும். தேர்வான மாணவருக்குச் செனட்டில் இடம் கிடைக்கட்டும்.
✅ தென்காசி மாவட்டக் கல்லூரி ஆசிரியர்களுக்கு உரிய பிரதிநிதித்துவம் வேணும்.

மலை மேல பெய்யிற மழை அருவியாக் கீழே இறங்கும், அது இயற்கை. அதிகாரம் அப்படி இல்ல. அது கீழேயிருந்து மேலே போகணும், அதுதான் ஜனநாயகம்.

உங்க கல்லூரியில என்ன பிரச்சினைன்னு கமெண்டில் எழுதுங்க. படிக்கிற பிள்ளைகள் இருக்கிற வீடுகளுக்குப் பகிருங்க.



#நம்பல்கலைக்கழகம்_நம்உரிமை #தென்காசி