இல்லமே பள்ளியாகும்போது

(நமது மக்தப் மதரஸாவின் ஆண்டு விழாவில், பெற்றோர் முன்னிலையில் பள்ளிவாசல் இமாம் அவர்கள் ஆற்றிய உரை)

 



இவ்வாண்டு என்னிடம் அதிகமாகக் கேட்கப்பட்ட கேள்வி தொழுகையைப் பற்றியதன்று, ஸகாத்தைப் பற்றியதுமன்று. "ஹழ்ரத், பையனை ஹிஃப்ளுக்குச் சேர்த்துவிட்டோம். பள்ளிக்கூடப் படிப்பை வீட்டிலேயே தொடர வழியுண்டா? எல்லாம் செல்போனிலேயே இருக்கிறது என்கிறார்களே, எதைப் பார்க்கச் சொல்வது?" என்பதே அது. பெண் பிள்ளைகளைப் பாதியில் நிறுத்திவிட்ட சில இல்லங்களிலிருந்தும் இதே வினா வந்தது. கேட்டவர்களில் பெரும்பாலோர் தாய்மார்கள். தந்தையர் சிங்கப்பூரிலோ வளைகுடாவிலோ இருக்கின்றனர்.

முதலிலேயே என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன். பள்ளிக்கூடம் செல்ல இயன்ற பிள்ளையை வீட்டில் நிறுத்தி வைப்பதற்கு இணையத்தைச் சாக்காக்க வேண்டாம். குறிப்பாகப் பெண் பிள்ளைகள் விஷயத்தில். "அதுதான் போனில் படிக்கிறாளே" என்று ஒரு தகப்பனார் என்னிடம் சொன்னபோது, என்ன படிக்கிறாள் என்று கேட்டேன். அவருக்குத் தெரியவில்லை.

வீட்டுக் கல்வி நம் மண்ணுக்குப் புதிதன்று. நமது புதுக்கோட்டையில் 1886-இல் பிறந்த முத்துலட்சுமி ரெட்டி அம்மையார், பருவம் எய்தியதும் அக்கால வழக்கப்படி பள்ளியிலிருந்து நிறுத்தப்பட்டார். ஆனால் படிப்பு நிற்கவில்லை. வீட்டிலேயே பாடம் நடந்தது. 1902-இல் தனித்தேர்வராக மெட்ரிகுலேஷன் தேர்வெழுதித் தேறினார். ஆண்கள் மட்டுமே பயின்ற மகாராஜா கல்லூரியில் மன்னரின் அனுமதியோடு சேர்ந்தார். 1912-இல் மருத்துவப் பட்டம். பின்னாளில், 1954-இல், அடையாறு புற்றுநோய் மருத்துவமனை. இதைக் கேட்கும் நாம் கவனிக்க வேண்டியவை இரண்டு. அவருக்கு அருகில் அமர்ந்து சொல்லிக்கொடுக்க ஆள் இருந்தது. படித்ததை நிரூபிக்க முடிவில் ஒரு தேர்வும் இருந்தது. இவ்விரண்டும் இல்லாமல் கைப்பேசியை மட்டும் கையில் கொடுத்தால் அது கல்வியாகாது.

தேர்வைப் பற்றி முதலில் சொல்கிறேன். கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் 2010 ஏப்ரல் முதல் நடைமுறையில் உள்ளது. 6 முதல் 14 வயதுவரை உள்ள பிள்ளைகளுக்கானது. மார்க்கக் கல்வியையே முதன்மையாகக் கற்பிக்கும் மதரஸாக்களுக்கு அது பொருந்தாது என்று 2012-இல் திருத்தம் வந்தது. அதைக் கேட்டு மகிழ்ந்துவிட வேண்டாம். விலக்குக் கிடைத்தது மதரஸாவுக்கு. நாளை நம் பிள்ளை வேலைக்கு விண்ணப்பம் எழுதும்போது அந்த விலக்கை யாரும் ஏற்கப்போவதில்லை. நம் மாநில அரசுத் தேர்வுகள் இயக்ககம் நடத்தும் எட்டாம் வகுப்புத் தனித்தேர்வை, பன்னிரண்டரை வயது நிறைந்த பிள்ளை நேரடியாக எழுதலாம். 1989-இல் தொடங்கப்பட்ட தேசியத் திறந்தநிலைப் பள்ளி நிறுவனத்தில், 14 வயது நிறைந்தவர்கள் பத்தாம் வகுப்புக்குப் பதிவு செய்யலாம். அதன் பாடநூல்கள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. ஜம்இய்யத் உலமாயே ஹிந்த் அமைப்பும் மதரஸா மாணவர்கள் இவ்வழியில் பத்தாம் வகுப்பு தேறுவதற்கென 2021-இல் ஒரு திட்டத்தைத் தொடங்கியது. எந்தச் சான்றிதழானாலும், பிள்ளை அடுத்துச் சேர விரும்பும் கல்லூரியிலும் அலுவலகத்திலும் அது செல்லுமா என்று பதிவு செய்வதற்கு முன்பே எழுத்து மூலம் கேட்டுக்கொள்ளுங்கள். பணம் கட்டிய பிறகு கேட்பதில் பயனில்லை.

இனிப் பாடங்கள். எதற்கும் முதலில் நம் அரசுப் பாடநூலையே எடுங்கள். எல்லா வகுப்புப் புத்தகங்களும் இணையத்தில் இலவசமாக உள்ளன. 2018 முதல் வந்த புதிய பாடநூல்களில் கறுப்பு வெள்ளைச் சதுரக் குறியீடு ஒன்று அச்சாகியிருப்பதைக் கண்டிருப்பீர்கள். 'தீக்ஷா' செயலியால் அதைப் படம் பிடித்தால் அந்தப் பாடத்துக்குரிய காணொளி திறக்கும். பல வீடுகளில் அதை ஏதோ விலைக்குறியீடு என்று எண்ணிக்கொண்டிருக்கிறார்கள்! 2019-இல் தொடங்கிய கல்வித் தொலைக்காட்சியின் பாடங்களை யூடியூபிலும் பார்க்கலாம். 2020 மார்ச்சில் மூடிய பள்ளிகள், ஒன்று முதல் எட்டு வகுப்புகளுக்கு 2021 நவம்பரில்தான் திறந்தன. அந்நாட்களில் ஒரு வீட்டில் மூன்று பிள்ளைகளுக்கு ஒரே கைப்பேசி இருந்தபோது, தொலைக்காட்சிப் பாடமே அவர்களுக்குக் கைகொடுத்தது. 'மணற்கேணி' என்ற செயலியையும் நம் மாநிலக் கல்வித்துறை 2023-இல் வெளியிட்டது.

கணிதத்துக்குக் கான் அகாடமி. ஸல்மான் கான் என்பவர் 2004-இல் தொலைவிலிருந்த தம் உறவுக்காரச் சிறுமிக்குக் கணக்குச் சொல்லிக்கொடுக்கப்போய், அது வளர்ந்து 2008-இல் நிறுவனமானது. பெரும்பாலும் ஆங்கிலம், ஆயினும் கணக்கும் ஆங்கிலமும் ஒருசேர வரும். அறிவியலுக்கு, அமெரிக்காவின் கொலராடோ பல்கலைக்கழகத்தினர் 2002 முதல் உருவாக்கிவரும் 'ஃபெட்' என்ற செய்முறைத் தளம். மின்கம்பியையும் பேட்டரியையும் திரையிலேயே இணைத்துப் பார்க்கலாம்; ஷாக் அடிக்காது. சில செய்முறைகள் தமிழிலும் உள்ளன. சிறு பிள்ளைகளுக்குப் பிரதம் புக்ஸின் 'ஸ்டோரிவீவர்' தளத்தில் ஒரே கதையைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் அடுத்தடுத்துப் படிக்கலாம். இலங்கைக் கல்வி அமைச்சின் 'இ-தக்சலாவ' தளத்திலும் தமிழ்வழிப் பாடங்கள் உண்டு. பாடத்திட்டம் வேறு என்பதை நினைவில் வையுங்கள்.

தமிழுக்கு, 2001-இல் தொடங்கப்பட்டு இன்று தமிழ் இணையக் கல்விக்கழகம் எனப் பெயர் பெற்றிருக்கும் நிறுவனத்தின் தளம். 1998 முதல் இயங்கும் மதுரைத் திட்டத்தில் உமறுப்புலவரின் சீறாப்புராணமும் கிடைக்கிறது. வரலாற்றுக்கு மட்டும் இணையம் தேவையில்லை. பிள்ளையைக் கையைப் பிடித்து நம் கோட்டைக்கு அழைத்துச் செல்லுங்கள். 1687-இல் சேதுபதி மன்னர் காலத்தில் எழுந்த கோட்டை அது. அந்தச் சேதுபதியின் அன்புக்குரியவராக இருந்த வள்ளல் சீதக்காதிதான் உமறுப்புலவரை ஆதரித்தவர் என்பதையும் சொல்லுங்கள். இத்தனை ஆண்டுகள் இந்தக் கோட்டையின் நிழலில் இருந்துகொண்டு நான் அதை ஒரு பாடமாக்காமல் விட்டது என் குறைதான்.

"உலகப் பாடத்தை இமாம் ஏன் பேசுகிறார்?" என்று சிலர் எண்ணலாம். யூதர்களின் எழுத்தைக் கற்குமாறு ஸைத் இப்னு ஸாபித் (ரலி) அவர்களுக்கு நபிகள் நாயகம் (ஸல்) அவர்களே பணித்தார்கள். ஏறத்தாழ அரை மாதத்தில் அவர் கற்றுத் தேர்ந்ததும், பின்னர் கடிதங்களை எழுதவும் படிக்கவும் செய்ததும் திர்மிதியில் பதிவாகியுள்ளன. குர்ஆனைத் தொகுக்கும் பெரும்பணி பின்னாளில் ஒப்படைக்கப்பட்டதும் அதே ஸைத் (ரலி) அவர்களிடம்தான்.

ஓர் எச்சரிக்கையையும் சொல்லியாக வேண்டும். நம் மக்தப் மாணவன் ஒருவன், அழகிய படத்தோடு கைப்பேசியில் வந்த 'ஹதீஸ்' ஒன்றை என்னிடம் காட்டினான். தேடிப் பார்த்தேன், எந்தக் கிதாபிலும் அது இல்லை. ஹதீஸ் கலை வல்லுநர்கள் ஒரு செய்தியைக் கேட்டதும் "யாரிடமிருந்து கேட்டாய்?" என்றுதான் முதலில் வினவினார்கள். அதே வினாவை ஒவ்வொரு தளத்திடமும் கேட்கப் பிள்ளையைப் பழக்குங்கள். நடத்துவோர் யார்? பெயர் இருக்கிறதா? பாடநூலோடு ஒத்திருக்கிறதா? இடையில் பணம் கேட்கிறதா? குர்ஆன் மூலத்துக்கு, 2007-இல் தொடங்கிப் பலமுறை சரிபார்க்கப்பட்ட 'தன்ஸீல்' போன்ற தளம் இருக்கிறது. ஆனால் ஓதுவதை மட்டும் திரையிடம் விட்டுவிடாதீர்கள். காரியின் குரலைப் பிள்ளை கேட்கும். பிள்ளையின் குரலைத் திரை கேளாது. 'ஐன்' தொண்டையிலிருந்து வருகிறதா, வெறும் 'அ'வாக வருகிறதா என்பதை உஸ்தாதின் காதுதான் அறியும்.

தாய்மார்களுக்கு ஒன்று: "எனக்கே படிப்பு வராது, நான் என்ன சொல்லித்தருவது?" என்று தயங்காதீர்கள். 1990-களின் தொடக்கத்தில் நம் மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் நடந்தபோது எழுத்தையும் சைக்கிளையும் ஒருசேரக் கற்ற பல்லாயிரம் பெண்களில் நம் சமுதாயத்துப் பெண்களும் இருந்தார்கள். அவர்களில் சிலர் இன்று இங்கே பாட்டிமார்களாக அமர்ந்திருக்கக்கூடும். பிள்ளை பார்த்து முடித்ததும் திரையை மூடச் சொல்லி, "இப்போது எனக்குச் சொல்லு" என்று கேளுங்கள். சொல்ல முடிந்தால் புரிந்திருக்கிறது. முடியாவிட்டால் திரும்பப் பார்க்கச் சொல்லுங்கள். கைப்பேசி கூடத்தில் இருக்கட்டும். அறைக்குள் போக வேண்டாம்.

நிர்வாகிகளுக்கு என் வேண்டுகோள் ஒன்று உண்டு. அஸருக்குப் பிறகு மதரஸாக் கூடம் காலியாகவே இருக்கிறது. அங்கே ஒரு கணினியும் இணைய இணைப்பும் வைத்து, மஹல்லாவில் பட்டம் பெற்று வீட்டிலிருக்கும் சகோதரிகளைக் கொண்டு பெண் பிள்ளைகளுக்கு வாரத்தில் மூன்று நாள், ஆண் பிள்ளைகளுக்கு மூன்று நாள் நடத்தலாம். ஹிஃப்ளு மாணவர்களில் எட்டாம் வகுப்புத் தேர்வுக்கு வயது வந்தவர்களின் பட்டியலை நான் தருகிறேன். விண்ணப்பம் எழுத ஒருவரை ஜமாஅத் நியமிக்கட்டும்.