லாகோஷ் நகரில் ஒரு காலை நடை

(நமது சங்கத்தின் மூத்தோர் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



"போர்ச்சுகல் போய் வந்தீர்களே, பத்து நிமிடம் பேசுங்கள்" என்று செயலாளர் கேட்டுக்கொண்டார். முப்பத்தைந்து வருடம் வங்கிக் கவுன்டருக்குப் பின்னால் உட்கார்ந்தவனுக்கு மேடைப் பேச்சு வராது. கணக்குதான் வரும். அதனால் நானும் ஒரு கணக்கைப் பற்றித்தான் பேசப்போகிறேன்.

லிஸ்பனில் வேலை பார்க்கும் மகன் வீட்டுக்குப் போயிருந்தோம். அங்கிருந்து தெற்கே ரயிலில் போய், டுனேஷ் என்ற ஊரில் வண்டி மாறினால் லாகோஷ். நைஜீரியாவில் இருக்கும் லாகோஸ் வேறு, இது வேறு. இது அல்கார்வ் கடற்கரையில் உள்ள பழைய துறைமுக ஊர். காலையில் வழிகாட்டியோடு நடந்தே ஊரைச் சுற்றிக் காட்டுகிறார்கள். எங்களுக்கு வந்த வழிகாட்டி முப்பது வயதுப் பெண். கூட்டத்தில் நானும் என் மனைவியும்தான் வயதானவர்கள்.

முதலில் ஒரு எச்சரிக்கை. தெரு முழுக்கச் சின்னச் சின்ன வெள்ளைக்கல் பதித்திருக்கிறார்கள். பார்க்க அழகு, கால் வைத்தால் வழுக்கும். முட்டி வலி உள்ளவர்கள் நல்ல பிடிமானமுள்ள ஷூ போட்டுக்கொண்டு போங்கள்.

கில் எயானெஸ் சதுக்கத்தில் ஒரு சிலை. விண்வெளிக்குப் போகிற பையன் மாதிரி ஹெல்மெட்டைக் கீழே வைத்துக்கொண்டு நிற்கிறான். அவர்தான் செபஸ்தியான் ராஜாவாம். 1578ல் மொராக்கோவுக்குப் படையோடு கப்பலேறியவர் திரும்பவேயில்லை. 1973ல் சிலையை வைத்தபோது, ராஜாவை இப்படியா செய்வது என்று சண்டையே நடந்ததாம். சதுக்கத்துக்குப் பெயர் தந்த கில் எயானெஸ் இதே ஊர் மாலுமி. 1434ல் ஆப்பிரிக்கக் கரையோரம் பொஜதோர் முனையைத் தாண்டிப் போய்த் திரும்பியவர். அதற்கு அப்பால் போனால் உயிரோடு வரமுடியாது என்று மாலுமிகள் நடுங்கிய இடம் அது.

புனித அந்தோனியார் கோயிலுக்குள் சுவர் முழுக்க மரச்செதுக்கு, அதன்மேல் தங்கமுலாம். 1755 நவம்பர் 1ஆம் தேதி நிலநடுக்கமும் அதன் பின்னால் வந்த கடலலையும் ஊரின் பெரும்பகுதியை அழித்துவிட்டன. அதற்குத் தப்பியது இந்த வேலைப்பாடு.

இதுவரை எல்லோரும் போட்டோ எடுத்துக்கொண்டிருந்தோம். அடுத்து இளவரசர் ஹென்றியின் சிலை உள்ள சதுக்கம். அதன் மூலையில் வளைவுகளோடு ஒரு சின்னக் கட்டடம் இருக்கிறது. 'அடிமைச் சந்தை' என்பது அதன் பெயர். இப்போது அருங்காட்சியகம். கட்டடம் பிற்காலத்தது, சம்பவம் அதற்கும் முந்தையது என்று சொல்லிவிட்டு அந்தப் பெண் விவரித்தார்.

1444 ஆகஸ்ட் 8. இன்றைய மொரித்தானியா கடற்கரையில் பிடித்த 235 பேரை ஆறு கப்பல்களில் கொண்டுவந்து, வெயில் ஏறுவதற்கு முன் விடியற்காலையில், ஊர் வாசலுக்கு வெளியே ஒரு திடலில் நிறுத்தினார்கள். பங்கு சமமாக வரவேண்டும் என்பதற்காகத் தகப்பனை ஒரு பக்கமும் மகனை ஒரு பக்கமும் பிரித்தார்கள். பிள்ளையை அணைத்துக்கொண்டு தாய்மார்கள் தரையில் விழுந்தார்கள். ஹென்றியைப் புகழ்ந்து எழுதிய சூராரா என்ற அரசவை வரலாற்றாசிரியரே இதையெல்லாம் எழுதிவைத்திருக்கிறார். குதிரை மேல் இருந்தபடி பார்த்துக்கொண்டிருந்த ஹென்றிக்கு ஐந்தில் ஒரு பங்கு, 46 பேர்.

நான் கையைத் தூக்கினேன். "235ல் ஐந்தில் ஒன்று 47 அல்லவா? ஒன்று குறைகிறதே?" என்று கேட்டேன்.

அந்தப் பெண் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "பங்கு போடுவதற்கு முன்பே ஒருவரை இந்த ஊர்க் கோயிலுக்கும், ஒரு சிறுவனை ஒரு மடத்துக்கும் காணிக்கையாகக் கொடுத்துவிட்டார்கள்" என்றார்.

மனதுக்குள் கழித்தேன். 233. ஐந்தில் ஒன்று 46.6. பின்னத்தை விட்டால் 46. கணக்கு டேலி ஆகிவிட்டது. உண்மையைச் சொல்கிறேன், ஒரு விநாடி எனக்குத் திருப்தியாக இருந்தது. அடுத்த விநாடி வெட்கமாகப் போய்விட்டது. அந்தக் கப்பல்களுக்குத் தலைமை தாங்கிப் போன லன்சரோட் என்பவர் யார் தெரியுமா? இந்த ஊரின் அரசு வரி வசூல் அதிகாரி. கிட்டத்தட்ட நம் வகை உத்தியோகம்தான்.

ஏலத்துக்குப் போர்த்துகீசியத்தில் 'லெய்லாவ்' என்று சொல்கிறார்கள். நம்முடைய 'ஏலம்' அதிலிருந்து வந்ததுதான். ஜன்னல், சாவி, அலமாரி, மேஜை இவற்றோடு அந்தச் சொல்லும் கப்பலேறி நம்மிடம் வந்திருக்கிறது.

எனக்கு ஒரு ஏலம் ஞாபகம் வந்தது. நான் ஒரு சிறிய ஊர்க் கிளையில் நகைக்கடன் பிரிவில் இருந்தபோது, கெடு தாண்டிய நகைகளை ஏலம் விட்டோம். நோட்டீஸ், பதிவுத் தபால் எல்லாம் விதிப்படி. மறுநாள் ஒரு அம்மாள் முந்தானையில் பணத்தை முடிந்துகொண்டு வந்து நின்றார். நான் லெட்ஜரை அவர் பக்கம் திருப்பி, 'கணக்கு முடிந்தது' என்ற வரியைக் காட்டினேன். அவருக்குப் படிக்கத் தெரியாது என்பது அப்புறம்தான் தெரிந்தது. அதையும் இதையும் ஒன்றாக வைக்கமுடியாது, அது எனக்குத் தெரியும். மனிதனை விற்பது வேறு. ஆனாலும், பேரேடு சரியாக இருந்தால் எல்லாம் சரி என்று நினைக்கும் புத்தி எனக்கும் இருந்தது என்பதை அந்தச் சதுக்கத்தில் நின்றபோதுதான் உணர்ந்தேன்.

இன்னொன்றும் சொன்னார். 2009ல் மதில் சுவருக்கு வெளியே கார் பார்க்கிங் கட்டத் தோண்டியபோது, பழைய குப்பைமேட்டில் 150க்கும் மேற்பட்ட ஆப்பிரிக்கர்களின் எலும்புகள் கிடைத்தன. சிலருக்குக் கைகள் கட்டிய நிலை. ஆய்வுக்கு எடுத்தபின், பார்க்கிங்கைக் கட்டி முடித்துவிட்டார்கள். மேலே மினி கோல்ஃப் மைதானம். பார்க்கிங் இடத்துக்கு நாம் போடும் சண்டை எனக்கு அங்கே ஞாபகம் வந்தது, சிரிப்பு வரவில்லை.

லாகோஷ் போனால் 'தோம் ரொத்ரிகோ' என்ற பாதாம் இனிப்பை வண்ணத்தாளில் சுற்றி விற்பார்கள். முட்டை கலந்தது, சேராதவர்கள் தவிர்க்கவும். கடற்கரைப் பாறைகளைக் கட்டாயம் பாருங்கள். அந்தப் பார்க்கிங் பக்கமும் ஒருமுறை நடந்து போய் வாருங்கள். எங்கள் நடைப்பயணத்தில் அது சேரவில்லை. மதியம் நானும் மனைவியும் தனியாகத்தான் போனோம். மேலே குழந்தைகள் விளையாடிக்கொண்டிருந்தார்கள். கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தோம்.