அட்டை பொது, நெசவு நமது

(முன்னாள் மாணவர் சங்கத்தின் ஆண்டுச் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

பேச வர வேண்டும் என்று சங்கச் செயலாளர் போனில் கேட்டபோது, "எதைப் பற்றி ஸார்?" என்றேன். "ஆப்பிரிக்காவில வேலை பார்த்தியே, அதைப் பத்திப் பேசு" என்றார். சிங்கம், யானை, கிளிமஞ்சாரோ என்று எதிர்பார்த்து வந்திருப்பவர்கள் என்னை மன்னிக்க வேண்டும். நான் பேசப் போவது ஒரு பாடத்தைப் பற்றி. அந்தப் பாடத்தை ஆரணியிலும் பார்த்தேன், தான்சானியாவிலும் பார்த்தேன். முதல் தடவை எனக்கு மார்க் கிடைத்தது. இரண்டாம் தடவைதான் புத்தி கிடைத்தது.

முதலில் நம் ஊர்த் தறியிலிருந்து ஆரம்பிக்கிறேன். இங்கே பிறந்தவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. வெளியூரிலிருந்து வந்து படிக்கிற பிள்ளைகளுக்காகச் சொல்கிறேன். பட்டுத்தறிக்கு மேலே ஜக்கார்டு பெட்டி இருக்கும். அதில் துளை போட்ட அட்டைகள் சங்கிலி போலக் கோத்துத் தொங்கும். துளை எங்கே இருக்கிறது, எங்கே இல்லை என்பதைப் பொறுத்துத்தான் எந்தப் பாவு நூல் மேலே எழும்ப வேண்டும் என்பது முடிவாகும். மயிலும் மாங்காயும் அன்னமும் புடவையில் விழுவது இப்படித்தான். இதைக் கண்டுபிடித்தவர் பிரான்ஸ் நாட்டு லியோன் நகரத்து ஜோசப் மரி ஜக்கார்டு, ஆண்டு 1804. ஆக, பட்டு கர்நாடகத்திலிருந்து வருகிறது, ஜரிகை சூரத்திலிருந்து வருகிறது, பெட்டி லியோனில் பிறந்தது. ஆனால் புடவைக்குப் பெயர் ஆரணிப் பட்டு! காரணம், ஒரே மாதிரி அட்டையைப் பத்துத் தறியில் மாட்டலாம். எந்த நிறப் பாவு, எந்த நிற ஊடை, எவ்வளவு இறுக்கம் என்பதைத் தீர்மானிக்கிறவர் தறியில் உட்கார்ந்திருக்கிற மனிதர். இந்த ஒரு விஷயத்தை மட்டும் மனதில் வைத்துக் கொண்டு மேலே கேளுங்கள்.

நான் மூன்றாம் ஆண்டு படித்தது 2009-இல். அன்றைக்கு நெட் என்றால் பஸ் ஸ்டாண்டு பக்கத்து பிரவுசிங் சென்டர்தான். நம் நூலகத்தில் ஒரு மூலைக் கம்ப்யூட்டரில் ஐ.ஐ.டி. பேராசிரியர்களின் வீடியோ பாடங்கள் இருந்தன. என்.பி.டி.இ.எல். என்று இன்றைக்கு எல்லோருக்கும் தெரிந்த பெயர். அதன் விதை 1999-இல் சென்னையில் நடந்த ஒரு பயிலரங்கில் விழுந்தது. அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழகப் பேராசிரியர் பால் குட்மன் முன்வைத்த யோசனை அது. 2003-இல் மத்திய அரசு நிதியுதவியோடு ஐ.ஐ.டி.க்களும் பெங்களூர் இந்திய அறிவியல் கழகமும் சேர்ந்து வேலையைத் தொடங்கின. நம் மாதிரி சிற்றூர்க் கல்லூரிகளுக்கு அந்தப் பாடங்கள் ஹார்டு டிஸ்க்கில் வந்து சேர்ந்தன.

எனக்குக் 'கன்ட்ரோல் சிஸ்டம்ஸ்' பேப்பர் சிம்ம சொப்பனம். ஒரு நாள் அந்த வீடியோவைப் போட்டுப் பார்த்தேன். ஆங்கிலம் பாதிதான் புரிந்தது. திருப்பித் திருப்பிப் பார்த்தேன். நாலாம் தடவையில் வெளிச்சம் வந்தது. உடனே என்ன செய்தேன் தெரியுமா? பென் டிரைவில் காப்பி எடுத்துக் கொண்டேன். யாருக்கும் சொல்லவில்லை.

என் பக்கத்து பெஞ்சில் ஒரு நண்பன் இருந்தான். பத்தாவது வரைக்கும் தமிழ் மீடியத்தில் என்னோடு படித்தவன், நெசவாளர் வீட்டுப் பிள்ளை. ஸ்கூல் லீவில் எல்லாம் தறியில் உட்கார்ந்தவன். அவனுக்கும் அதே பேப்பர்தான் உதைத்தது. "மச்சான், உனக்கு எப்படிடா புரியுது? எனக்கும் சொல்லிக் குடேன்" என்று கேட்டான். "நானும் மனப்பாடம்தான்டா பண்றேன்" என்று சொன்னேன். பச்சைப் பொய். கேம்பஸ் இன்டர்வியூவில் ஒரு ஆள் குறைந்தால் நமக்கு நல்லது என்கிற அற்பக் கணக்கு. அவன் அரியர் மேல் அரியர் வைத்து, கடைசி வருஷம் படிப்பை விட்டு வீட்டுக்குப் போய்விட்டான். அவன் தோற்றதற்கு நான் ஒருவனே காரணம் என்று சொல்லவில்லை. ஆனால் என் சட்டைப் பையில் இருந்ததை நான் கொடுக்கவில்லை. இத்தனை வருஷமாக இதை எந்த மேடையிலும் சொன்னதில்லை, இன்றைக்குச் சொல்லிவிட்டேன்.

இனி தான்சானியா. 2017-இல் மின்துறை வேலையாக அங்கே போனேன். விக்டோரியா ஏரிக்கரையில் முவான்சா என்று ஒரு நகரம். அங்கே ஒரு தொழில்நுட்பக் கல்லூரி விரிவுரையாளர் எனக்கு நண்பரானார். ஒரு நாள் "எங்கள் வகுப்பை வந்து பாருங்கள்" என்று அழைத்தார். போனால், ஆச்சரியம்! திரையில் நம்ம ஊர் ஐ.ஐ.டி. பேராசிரியர். நான் ஒளித்து வைத்த அதே கன்ட்ரோல் சிஸ்டம்ஸ் பாடம்.

ஆனால் அவர் அதை நடத்திய விதம் வேறு. ஐந்து நிமிஷம் ஓட விடுவார், நிறுத்துவார். சுவாஹிலி மொழியில் சொல்வார். பிறகு அவர்கள் ஊர் மினி பஸ்ஸை இழுப்பார் – அதற்கு 'தலாதலா' என்று பெயர். "டிரைவர் பள்ளத்தைப் பார்க்கிறான், வேகத்தைக் குறைக்கிறான், மறுபடி ரோட்டைப் பார்க்கிறான், இதுதான் ஃபீட்பேக்" என்பார். பிள்ளைகள் சிரிப்பார்கள், உடனே பிடித்துக் கொள்வார்கள். நான் நாலு தடவை பார்த்துத் தெரிந்து கொண்டதை அவர்கள் ஒரே வகுப்பில் தெரிந்து கொண்டார்கள்.

அந்த நாட்டில் தொடக்கப் பள்ளியில் பாடம் சுவாஹிலி மொழியில். உயர்நிலைப் பள்ளிக்குப் போனதும் ஆங்கிலம். நம் தமிழ் மீடியம் பிள்ளை இன்ஜினியரிங் வகுப்பில் முதல் நாள் விழிக்கிற விழிப்பை, அங்கே பதின்மூன்று பதினாலு வயசுப் பிள்ளை விழிக்கிறது. ஆசிரியரை அவர்கள் 'முவாலிமு' என்கிறார்கள். அவர்களுடைய முதல் குடியரசுத் தலைவர் ஜூலியஸ் நைரேரே பள்ளி ஆசிரியராக இருந்தவர். நாடே அவரைக் கடைசி வரை 'முவாலிமு' என்றுதான் அழைத்தது. என் நண்பரிடம், "வீடியோவை அப்படியே ஓட விட்டால் என்ன?" என்று கேட்டேன். "அது வந்து சேர்ந்த சாமான். அதைப் பாடமாக ஆக்குவது என் வேலை" என்றார். அந்த ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. பக்கத்து பெஞ்சு நண்பன் முகம்தான் வந்தது.

அதற்குப் பிறகு இந்த விஷயத்தைத் தேடிப் படிக்க ஆரம்பித்தேன். 2001-இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி., தன் பாடங்களை எல்லோருக்கும் இலவசமாகத் திறந்து விடுவதாக அறிவித்தது. 2002-இல் பாரீசில் யுனெஸ்கோ கூட்டிய மன்றத்தில்தான் 'திறந்த கல்வி வளங்கள்' என்ற பெயரே பிறந்தது. அங்கே பேசப்பட்டதே, வளரும் நாடுகளுக்கு இது எப்படிப் பயன்படும் என்பதைத்தான்.

நம் நாடும் சும்மா இருக்கவில்லை. 2004-இல் அன்றைய குடியரசுத் தலைவர் அப்துல் கலாம் அவர்கள் முன்வைத்த யோசனையிலிருந்து ஆப்பிரிக்க நாடுகளுக்கான மின்வலைத் திட்டம் பிறந்தது. 2009-இல் முறையாகத் தொடங்கி, செயற்கைக்கோள் வழியாகவும் கண்ணாடி இழைக் கம்பி வழியாகவும் இந்தியப் பல்கலைக்கழகங்களின் பாடம் அங்கே போனது. அதில் சென்னைப் பல்கலைக்கழகமும் பங்கு கொண்டது. அதன் அடுத்த கட்டமாக 2019-இல் 'இ-வித்யாபாரதி' வந்தது; 5 ஆண்டுகளில் 15,000 ஆப்பிரிக்க மாணவர்களுக்கு உதவித்தொகையோடு படிப்பு என்பது இலக்கு. 2023-இல் சென்னை ஐ.ஐ.டி. தன் வளாகத்தையே தான்சானியாவின் சான்சிபாரில் திறந்தது. ஒரு ஐ.ஐ.டி. வெளிநாட்டில் வளாகம் திறந்தது அதுவே முதல் தடவை.

இதைக் கேட்டதும், "பரவாயில்லையே, நாம் கொடுக்கிறோம், அவர்கள் வாங்கிக் கொள்கிறார்கள்" என்று நெஞ்சை நிமிர்த்தி விடாதீர்கள். அங்கிருந்தும் இங்கே வந்திருக்கிறது. 2005-இல் 'டெஸ்ஸா' என்ற ஆசிரியர் கல்வித் திட்டம் தொடங்கியது. பிரிட்டனின் திறந்தவெளிப் பல்கலைக்கழகமும் ஆப்பிரிக்கப் பல்கலைக்கழகங்களும் சேர்ந்து செய்தது. கானாவுக்கு ஒரு பதிப்பு, கென்யாவுக்கு ஒன்று, தான்சானியாவுக்குச் சுவாஹிலியில் ஒன்று. மொழியை மட்டும் மாற்றவில்லை. உதாரணங்களை அந்தந்த நாட்டு ஆசிரியர்களே மாற்றினார்கள். அந்த அனுபவத்தை வைத்துத்தான் பிறகு பீகார், ஒடிசா, கர்நாடகம் உள்ளிட்ட நம் மாநிலங்களுக்கு 'டெஸ்-இந்தியா' வந்தது. வழி காட்டியவர்கள் ஆப்பிரிக்க ஆசிரியர்கள்!

என் பெண்ணுக்கு இரவில் நான் படித்துக் காட்டுகிற கதைகளில் சில ஆப்பிரிக்கக் கதைகள். தென்னாப்பிரிக்காவில் 2013-இல் ஆரம்பித்த 'ஆப்பிரிக்கன் ஸ்டோரிபுக்' திட்டம், எவரும் மொழிபெயர்க்கலாம் என்ற உரிமத்தோடு கதைகளை வெளியிட்டது. பெங்களூர் பிரதம் புக்ஸ் 2015-இல் தொடங்கிய 'ஸ்டோரிவீவர்' வழியாக அவற்றில் பல தமிழுக்கும் வந்துவிட்டன. யாரோ ஒரு ஆசிரியை, யாரோ ஒரு அம்மா, காசு வாங்காமல் உட்கார்ந்து மொழிபெயர்த்தது. பெயரைக் கவனித்தீர்களா? வீவர் என்றால் நெசவாளி.

இது நமக்குப் புதுசும் இல்லை. இந்த ஊர்ப் பெயரைத் தன் பெயரில் தாங்கிய ஆரணி குப்புசாமி முதலியார், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே ஆங்கில நாவல்களைத் தழுவித் தமிழ் வாசகர்களுக்குத் துப்பறியும் கதைகளாகக் கொடுத்தார். 1998 பொங்கலன்று தொடங்கிய 'மதுரைத் திட்டத்தில்' பல நாட்டுத் தமிழர்கள், முகம் பார்க்காமலே பழந்தமிழ் நூல்களைத் தட்டச்சு செய்து உலகத்துக்கு இலவசமாகக் கொடுத்தார்கள்.

இன்றைக்கு நிலைமை என்ன? தம்பி தங்கைகளே, உங்கள் கையில் இருக்கிற போனில் அத்தனை பாடமும் இருக்கிறது. 2014 முதல் என்.பி.டி.இ.எல். பரீட்சை வைத்துச் சான்றிதழும் கொடுக்கிறது. தமிழ் மொழிபெயர்ப்புகளும் வந்துள்ளன. அட்டைக்குப் பஞ்சமே இல்லை. நெய்கிற ஆள்தான் குறைவு. வீடியோ இருக்கிறதே, ஆசிரியர் எதற்கு என்று கேட்பவர்களுக்கு நான் சொல்வது: அட்டை இருக்கிறதே, நெசவாளி எதற்கு என்று ஆரணியில் யாராவது கேட்பார்களா?

பெரியவர்களுக்கு என் வேண்டுகோள் ஒன்றுதான். சங்கத்துக்கு நன்கொடை கொடுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. அதோடு, ஆளுக்கு ஒரு தலைப்பை எடுத்துக் கொள்ளுங்கள். நீங்கள் படித்தபோது எது உங்களுக்கு உதைத்ததோ, அதையே எடுங்கள். பத்து நிமிஷம், தமிழில், நம் ஊர் உதாரணத்தோடு விளக்கிப் பதிவு செய்யுங்கள். அரிசி ஆலைக்காரர் மோட்டாரைக் காட்டட்டும். கட்டடக்காரர் சாரத்தைக் காட்டட்டும். எவரும் எடுத்துக் கொள்ளலாம், மாற்றலாம் என்று எழுதிக் கொடுத்து விடுங்கள். முவான்சா நண்பரும் நாளைக்கு அதைச் சுவாஹிலியில் மாற்றிக் கொள்ளட்டுமே!

படிக்கிற பிள்ளைகளுக்கும் ஒன்று. புரிந்ததைப் பக்கத்து பெஞ்சுக்குச் சொல்லுங்கள். சொல்வதால் வேலை போகாது. சொல்லாமல் விட்டால் என்ன போகும் என்பது எனக்குத் தெரியும்.

போன பொங்கலுக்கு அந்த நண்பன் வீட்டுக்குப் போனேன். பென் டிரைவ் கதையைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "சரி, அப்படி என்னதான்டா இருந்தது அந்தப் பாடத்துல?" என்று கேட்டான். அவன் தறியில் உட்கார்ந்திருந்தான். பாவு தளர்கிற போது இழுத்துக் கட்டினான், இறுகின போது விட்டான்; கை பாட்டுக்குச் செய்தது. "இப்ப நீ செஞ்சியே, அதுதான்டா பாடம். அதுக்குப் பேர்தான் ஃபீட்பேக்" என்றேன். அவன் என்னையே பார்த்தான். "இதையா? இதைத் தமிழ்ல ஒருத்தனும் சொல்லலையேடா அன்னிக்கு" என்றான். அதற்கு என்னிடம் பதில் இல்லை.

நான் செய்திருக்கிற முதல் பதிவு அவனுடைய தறியில் எடுத்தது. பேசுவது நான், கை அவனுடையது. படிப்பை முடிக்காததால் சங்க உறுப்பினர் பட்டியலில் அவன் பெயர் இல்லை. இந்தப் பதிவையாவது நம் நூலகத்தில், அன்றைக்கு நான் காப்பி எடுத்த அதே மூலையில், வைக்க வேண்டும் என்று முதல்வர் அவர்களைப் பணிவோடு கேட்டுக் கொள்கிறேன். அடுத்த பதிவு உங்களுடையதாக இருக்கட்டும்.