பழைய கணிப்பொறியும் புதிய விண்டோசும்
(ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



பழைய கணிப்பொறியை எடைக்குப் போட்டுவிடலாமா என்று நம் காலனியில் பலர் என்னை வினவுகின்றனர். விண்டோஸ் 10க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் நாளோடு முடிவுற்றதே காரணம். 2015இல் வந்த அதற்கு 2 ஜிபி நினைவகம் போதுமாயிருந்தது. 2021இல் வந்த விண்டோஸ் 11 கேட்பதோ 4 ஜிபி நினைவகம், 64 ஜிபி சேமிப்பிடம், டிபிஎம் 2.0 என்னும் பாதுகாப்பு ஏற்பாடு ஆகியவை. இன்டெல் செயலிகளில் எட்டாம் தலைமுறைக்கு முற்பட்டவற்றுள் பெரும்பாலானவற்றுக்கு அதன் பட்டியலில் இடமில்லை.

நான் இரயில்வே ஊழியன். மீட்டர் பாதை அகலப் பாதையாக மாறியபோது பழைய எஞ்சின்கள் கெட்டுப்போகவில்லை, பாதைதான் மாறிற்று. எஞ்சினுக்கு இல்லாத ஒரு வாய்ப்பு கணிப்பொறிக்கு உண்டு: அது வேறு பாதையிலும் ஓடும். 1991இல் லினஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கிய லினக்ஸ் அத்தகையது. அவ்வகையைச் சேர்ந்த லினக்ஸ் மின்ட் விலையின்றிக் கிடைக்கிறது. 2 ஜிபி நினைவகத்திலும் இயங்கும், 4 ஜிபி இருப்பின் நன்று. விண்டோசுக்கென்றே எழுதப்பட்ட செயலிகள் சில அதில் இயங்கமாட்டா என்பதையும் மறைப்பதற்கில்லை. ஆதலின் முதலில் பென் டிரைவிலிருந்து இயக்கிப் பாருங்கள்; கோப்புகளைப் படியெடுத்து வைத்த பின்னரே நிலையாக நிறுவுங்கள்.

என் இல்லத்துப் பழைய பொறியில் இன்று என் மகள் தமிழிலே கட்டுரை எழுதுகிறாள். புதியது வாங்க நினைத்த பணம் அவளுடைய கல்லூரிக் கட்டணத்திற்கு ஆயிற்று. வாங்குமுன் ஆராய்வீர்களாக!