அந்த ஒரு வருஷத்துக் கணக்கு

(திருப்பூரில் பனியன் தொழிலாளர் குடும்பங்களின் கூட்டத்தில் கட்சி ஊழியர் ஒருவர் நிகழ்த்திய பேச்சு)



2020ஆம் வருஷம் மார்ச் 24ந் தேதி இரவு எட்டு மணிக்குப் பிரதமர் டெலிவிஷனில் பேசினார். நாலு மணி நேரம் கழித்துத் தேசம் முழுவதும் பூட்டப்பட்டது. "கொரோனா காலத்துக் கதையெல்லாம் இப்போது எதற்கு?" என்று சிலர் கேட்கிறார்கள். அப்படிக் கேட்பவர்கள் யார் என்று கவனித்துப் பாருங்கள். அந்த வருஷம் வட்டிக்கு வாங்காதவர்களாக இருப்பார்கள். வாங்கியவர்களுக்கு அது பழைய கதை ஆவதற்குப் பல வருஷம் பிடித்தது.

நாம் இங்கே உலகப் பொருளாதாரம் முழுவதையும் பேசப் போவதில்லை. ஒரு வீட்டைப் பற்றி மட்டும் பேசுவோம். அந்தத் தாயின் பெயர் வேண்டாம். கம்பெனியின் பெயரும் வேண்டாம். உங்களில் பாதிப்பேர் அது தங்கள் வீடு என்றே நினைத்துக்கொள்வீர்கள். அதில் தவறில்லை.

அவர் ஓவர்லாக் டைலர். புருஷன் சாயப்பட்டறையில் சுமை வேலை. மகள் பத்தாவது வகுப்பு. மகனுக்கு நாலு வயது. எட்டு வீடுள்ள லைன் வீட்டில் ஒரு வீடு. விடியற்காலை நாலரைக்கு எழுந்து, தண்ணீர் வருகிற நாளானால் குழாயடிக்கு ஓடி, சோறு வடித்து, நாலு டப்பாக்களில் கட்டி, பையனை அங்கன்வாடிக்குத் தயார் செய்து, எட்டரைக்கு மிஷினில் உட்கார வேண்டும். ஒன்றரை ஷிப்டு ஓட்டினால் வீடு திரும்ப ராத்திரி ஒன்பது மணி. பிறகு பாத்திரம், துணி, மறுநாளைக்கு மாவு. இதற்கு எந்த ஷிப்டு என்று பெயர் வைப்பது?

மத்திய சர்க்காரின் புள்ளிவிவர இலாகாவே 2019ஆம் வருஷம் முழுவதும் ஜனங்கள் நேரத்தை எப்படிச் செலவிடுகிறார்கள் என்று தேசமெங்கும் கணக்கெடுத்தது. ஆறு வயதுக்கு மேற்பட்ட பெண்களில் நூற்றுக்கு 81 பேர் கூலியில்லாத வீட்டு வேலை செய்கிறார்கள். ஆண்களில் 26 பேர்தான். செய்கிற பெண் நாளைக்கு 299 நிமிஷம் செய்கிறாள்; செய்கிற ஆண் 97 நிமிஷம். இது முதலாளி வீட்டம்மாவையும் சேர்த்த கணக்கு. நம் பெண்களை மட்டும் தனியாக எடுத்தால் என்ன வரும் என்பதை நீங்களே ஊகித்துக்கொள்ளலாம். (சிரிக்கிற ஆண் தோழர்கள் அந்த 26 பேரில் இருக்கிறார்களா என்று பக்கத்தில் உள்ள மனைவிமார் சொல்லட்டும்.)

காலையில் மிஷினில் உட்காரும் தொழிலாளி வயிற்றுக்குச் சோறும் மேலுக்குத் துவைத்த துணியும் போட்டு வருகிறானே, அந்தச் சோற்றை ஆக்கிய கைக்கு முதலாளி ஒரு தம்பிடி கொடுத்ததுண்டா? அவனுக்கு அது இனாம். சாதாரண நாளில் இது கண்ணுக்குத் தெரிவதில்லை. கம்பெனி கதவு சாத்தப்பட்ட அன்று தெரிந்தது. கம்பெனியை மூடலாம், பள்ளிக்கூடத்தை மூடலாம், பஸ்ஸை நிறுத்தலாம். அடுப்பை மூட யாராலும் முடியவில்லை.

மார்ச் 21ந் தேதி சனிக்கிழமை வாங்கிய சம்பளம்தான் கடைசி. மார்ச் 29ல் மத்திய உள்துறை ஓர் உத்தரவு போட்டது: பூட்டிய நாட்களுக்கும் கூலியைப் பிடிக்காமல் கொடுக்க வேண்டும் என்று. நல்ல உத்தரவு! நம் தாயின் கம்பெனி 1500 ரூபாய் கொடுத்தது. பிறகு அதை அட்வான்ஸ் என்று எழுதிச் சம்பளத்தில் பிடித்துக்கொண்டது. முதலாளிகள் சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனார்கள். மே 18 முதல் சர்க்காரே அந்த உத்தரவை வாபஸ் வாங்கிக்கொண்டது. ஜூன் 12ல் கோர்ட்டு, கொடுக்காத முதலாளிகள்மீது பலவந்த நடவடிக்கை வேண்டாம், உட்கார்ந்து பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள் என்றது. கையில் மாதச் சம்பளச் சீட்டுக்கூட இல்லாத ஓவர்லாக் டைலர் யாரோடு உட்கார்ந்து பேசுவது?

ஏப்ரலில் மாநில சர்க்கார் அரிசிக் கார்டுக்கு 1000 ரூபாயும் இலவச அரிசி, பருப்பு, எண்ணெய், சர்க்கரையும் கொடுத்தது. அதைக் குறை சொல்லமாட்டோம். ஆனால் நம் தாயின் கார்டு இருந்தது தாராபுரம் பக்கத்துக் கிராமத்து ரேஷன் கடையில். எந்தக் கடையிலும் வாங்கலாம் என்ற ஏற்பாடு தமிழ்நாட்டில் அக்டோபர் 1ந் தேதிதான் வந்தது. பஸ் இல்லை. சுமார் ஐம்பது கிலோமீட்டர். புருஷன் சைக்கிளை எடுத்தார். வழியில் இரண்டு இடத்தில் போலீஸ் நிறுத்தியது; கார்டைக் காட்டி, கையைக் கட்டிக்கொண்டு நின்று, போய்ச் சேர்ந்தார்.

அந்தக் கிராமத்தில் இருப்பது நம் தாயைப் பெற்ற தாய். விவசாயக் கூலி. நூறு நாள் வேலையும் சில வாரம் நின்று போயிருந்தது. அந்த வருஷம் அதன் கூலியை 229லிருந்து 256 ரூபாயாக உயர்த்தியதைப் பெரிதாக விளம்பரம் செய்தார்கள்; வேலை இல்லாத நாளுக்கு 256 என்றால் என்ன, 500 என்றால் என்ன? அந்தக் கிழவி மருமகனுக்குக் கம்பங்கூழ் ஊற்றிக் கொடுத்து, வீட்டில் இருந்த சோளத்தில் பாதியை மூட்டை கட்டிச் சைக்கிளில் ஏற்றினார். பிறகு இரண்டு தடவை, மார்க்கெட்டுக்கு வருகிற காய்கறி வண்டியில் முருங்கையும் கத்தரியும் கொடுத்தனுப்பினார். தொழிலாளி-விவசாயி ஒற்றுமை என்று நாம் மேடையில் முழங்குகிறோமே, அது அந்த ஏப்ரலில் கோணிச் சாக்கில் வந்தது. விவசாயத் தொழிலாளித் தோழர்கள் இதைப் படிக்கும்போது அந்தக் கிழவியைத் தங்கள் ஊரில் தேடிப் பார்க்கட்டும். நிச்சயம் இருப்பார்.

மே 7ந் தேதி மதுக்கடையைத் திறந்தார்கள். பள்ளிக்கூடம் இல்லை, பஸ் இல்லை, கூலி இல்லை. அது மட்டும் உண்டு! மறுநாள் ஹைக்கோர்ட் மூடச் சொன்னது. சர்க்கார் சுப்ரீம் கோர்ட்டுக்கு ஓடித் தடை வாங்கி 16ந் தேதி மறுபடி திறந்தது. கூலி கொடுக்கச் சொன்ன உத்தரவுக்காக இவ்வளவு வேகமாக எந்தச் சர்க்காரும் ஓடி நாம் பார்த்ததில்லை. நம் தாய் அன்று ரேஷன் பணத்தை அரிசி டின்னுக்குள் போட்டு அதன்மேல் அரிசியைக் கொட்டி வைத்தார். புருஷன் நல்லவர்தான். இருந்தாலும் டின் டின்தான்.

இனி கடன். மகளிர் குழு மூலம் நுண்கடன் கம்பெனியில் 30,000 ரூபாய் வாங்கியிருந்தார். வாரத் தவணை 650. மார்ச் 27ல் ரிசர்வ் பாங்கி மூன்று மாதம் தவணையைத் தள்ளி வைக்கலாம் என்றது. பிறகு ஆகஸ்ட் 31 வரை நீட்டியது. வட்டி மட்டும் நிற்கவில்லை, அது ஓடிக்கொண்டே இருந்தது. ஜூன் மாதம் வசூல்காரப் பையன் வந்து வாசற்படியில் உட்கார்ந்தான். "தள்ளி வைப்பதெல்லாம் பாங்கிக்கு, எங்களுக்கு இல்லை" என்றான். அவனும் கூலிக்காரன்தான், வசூல் ஆகாவிட்டால் அவன் சம்பளமும் போகும். ஆனாலும் பொய் பொய்தானே! யூனியன் தோழர் ஒருவர் அந்த உத்தரவை அச்சிட்டுக் கொண்டுவந்து கொடுத்தார். மறுவாரம் எட்டு வீட்டுப் பெண்களும் வாசலுக்கு வந்தார்கள். வயதில் மூத்த அம்மா சொன்னார்: "ஏஞ் சாமி, கட்டமாட்டோம்னு நாங்க சொல்லுலீங். செப்டம்பர்ல வா. அதுவரைக்கும் இந்தத் திண்ணைப் பக்கம் வராதே." அவன் வரவில்லை. செப்டம்பர் முதல் வாரம் வந்தான், கட்டினார்கள். தனியாக ஒருத்தி அதைச் சொல்லியிருந்தால் அன்று சாயங்காலமே தாலிக்கொடி அடகுக் கடைக்குப் போயிருக்கும்.

இப்போது இந்த வீட்டில் நாம் அதிகம் கவனிக்க வேண்டிய விஷயத்துக்கு வருவோம்.

மே மாதம் கம்பெனிகள் கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்தன. வெளிநாட்டு ஆர்டர்கள் ரத்து, முகக்கவசம் தைத்தார்கள். பாதி ஆட்களுக்கு வேலை, அதுவும் பீஸ் ரேட். கம்பெனி வண்டி வரவில்லை. ஆறு கிலோமீட்டர் நடை. வேலை வந்துவிட்டது என்று சந்தோஷம். ஆனால் அங்கன்வாடி மூடிக் கிடக்கிறது. நாலு வயதுப் பையனை யார் பார்த்துக்கொள்வது?

1948ஆம் வருஷத்துப் பாக்டரிச் சட்டம், முப்பது பெண்களுக்கு மேல் வேலை செய்யும் பாக்டரியில் ஆறு வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்குக் காப்பகம் வேண்டும் என்று சொல்லியது. 2017ல் பிரசவ சகாயச் சட்டத்தைத் திருத்தியபோது, ஐம்பது தொழிலாளர் இருந்தால் காப்பகம் வேண்டும் என்று அதிலும் எழுதினார்கள். நம் தாயின் கம்பெனியில் காப்பகம் என்று போர்டு போட்ட ஓர் அறை உண்டு. அதில் நூல் பெட்டிகளை அடுக்கி வைத்திருந்தார்கள். வெளிநாட்டு வியாபாரி பார்வையிட வரும் நாளில் பெட்டி வெளியே போகும், தொட்டில் உள்ளே வரும்.

ஆகவே முதலாளி வைக்காத காப்பகத்தைப் பதினைந்து வயதுப் பெண் நடத்தினாள். காலையில் தம்பியைக் குளிப்பாட்டிச் சோறூட்டி, மத்தியானம் உலை வைத்து, அப்பா வேலை தேடிப் போய்வரும்வரை வீட்டைப் பார்த்துக்கொண்டாள். ஜூன் 9ல் பத்தாம் வகுப்புப் பரீட்சை ரத்து, எல்லோரும் பாஸ் என்று அறிவித்தார்கள். கல்வித் தொலைக்காட்சியில் பாடம் என்றார்கள். வீட்டில் டெலிவிஷன் உண்டு. பாடம் வரும் நேரத்தில் தம்பி அழுவான், அல்லது தண்ணீர் வரும்.

ஜூலையில் நூல் மில் புரோக்கர் வந்தார். "சும்மாதானே இருக்குது பாப்பா? ஆஸ்டல்ல தங்கி மூணு வருஷம் வேலை பார்த்தா மொத்தமா ஒரு தொகை வரும், கல்யாணத்துக்கு ஆச்சு" என்றார். சுமங்கலித் திட்டம் என்று நம் பக்கத்தில் வெகுநாளாக நடக்கும் அதே வலைதான். "சும்மா இருக்குது" என்றாரே, அந்த வார்த்தையைக் கவனியுங்கள்! ஒரு குடும்பத்தையே சுமந்துகொண்டிருக்கிற பெண் சும்மா இருக்கிறாளாம்! புருஷனுக்கு மனசு தடுமாறியது. சாயப்பட்டறையில் வாரத்துக்கு இரண்டு நாள்தான் வேலை. வீட்டு வாடகை மூன்று மாதம் நிலுவை. "பள்ளிக்கூடம் எப்பத் திறக்கும்னே தெரியலையே" என்றார். அவரைத் திட்டிப் பிரயோஜனமில்லை. அன்றைக்குப் பல ஆயிரம் வீட்டில் தகப்பன்மார் அதைத்தான் சொன்னார்கள்.

தாய் புரோக்கரிடம் எதுவும் சொல்லவில்லை. ராத்திரி எட்டு வீட்டுப் பெண்களையும் கூப்பிட்டார். அவர்களில் இரண்டு பேருக்குக் கம்பெனி திறக்கவே இல்லை. ஒரு ஏற்பாடு செய்தார்கள்: வேலை இல்லாத இரண்டு பேரும் லைன் வீட்டுக் குழந்தைகள் ஆறு பேரையும் பார்த்துக்கொள்வது, வேலைக்குப் போகிறவர்கள் குழந்தைக்கு நாளைக்கு இருபது ரூபாய் கொடுப்பது. மத்தியானச் சாப்பாட்டுக்கு ஒரே உலை. அரிசி ஆளுக்கு ஆழாக்கு. தண்ணீர் பிடிப்பதும் விறகு உடைப்பதும் வீட்டிலிருக்கும் ஆண்கள். இந்தக் கடைசி ஷரத்துக்குத்தான் விவாதம் அதிகம் நடந்ததாகக் கேள்வி. நம் டைலரின் புருஷன் அதில் தேறினார், ரசம்கூட வைப்பார். முதல் வாரம் ரசத்தில் புளி போட மறந்துவிட்டாராம்.

அந்த இரண்டு பெண்களுக்காக யூனியன் மூலம் ஈ.எஸ்.ஐ. ஆபீசுக்கு எழுதினோம். வேலை இழந்தவர்களுக்குச் சராசரிக் கூலியில் பாதியைத் தொண்ணூறு நாள் வரை கொடுப்பது என்று 2020 ஆகஸ்டில் முடிவாகியிருந்தது. ஒருவருக்குக் கிடைத்தது. மற்றவருக்குக் கிடைக்கவில்லை. கம்பெனி அவர் கூலியில் மாதாமாதம் பிடித்திருக்கிறது, ஆனால் அவர் பேரில் நம்பரே இல்லை! பிடித்த பணம் எங்கே போயிற்று என்ற கேள்விக்கு அந்தக் கம்பெனி பதில் சொல்வதற்குள் போர்டையே மாற்றிவிட்டது. ஜனங்கள் கூட்டம் கூடமுடியாத அதே செப்டம்பரில்தான் பார்லிமெண்டில் மூன்று தொழிலாளர் சட்டத் தொகுப்புகளை நிறைவேற்றிக்கொண்டார்கள். 2025 நவம்பர் 21ல் அவற்றை அமுலுக்குக் கொண்டுவந்தார்கள். அதைப் பற்றித் தனியாக ஒரு நாள் பேச வேண்டும்.

ஆகஸ்டில் அந்தப் பெண்ணைப் பதினோராம் வகுப்பில் சேர்த்தார்கள். புரோக்கர் இன்னொரு தடவை வந்தார். அப்பாவே பேசி அனுப்பிவிட்டார். 2021 பிப்ரவரி 8ந் தேதி அவள் வகுப்புக்குப் பள்ளி திறந்தது. போனாள். மார்ச் 22ல் மறுபடி மூடினார்கள். ஆறே வாரம்! ஆனால் பெயர் ரிஜிஸ்தரில் இருந்தது, அதுதான் முக்கியம். 2022 மே மாதம் பிளஸ் டூ பரீட்சை எழுதினாள். அவள் வகுப்பில் ஐந்தாறு பெண்கள் அதற்குள் மில்லுக்குப் போய்விட்டிருந்தார்கள். அந்த லைன் வீடுகளில் எட்டுப் பெண்கள் கூடிப் பேசவில்லை.

பார்த்துக்கொள்ள ஆள் இல்லாமல் மூத்த பெண்ணைப் பள்ளியிலிருந்து நிறுத்திய வீடுகள் இந்த ஊரில் இன்றும் உண்டு. அவர்களுக்காகத்தான் இந்த மனு. கம்பெனிகளில் நிஜமான காப்பகம்; சிறிய பட்டறைகள் உள்ள தெருக்களில் பல பட்டறைக்குப் பொதுவாக ஒரு காப்பகம்; அது காலை எட்டிலிருந்து, ஒன்றரை ஷிப்டு ஓடுகிற நாளில் ராத்திரி ஒன்பது வரை திறந்திருக்க வேண்டும். மாதச் சம்பளச் சீட்டும் ஈ.எஸ்.ஐ. நம்பரும் ஒவ்வொருவர் கையிலும் இருக்க வேண்டும்.

மனு மேஜைமேல் இருக்கிறது. கையெழுத்துக்குப் பக்கத்தில் வேலை செய்யும் டிபார்ட்மெண்டு, குழந்தைகளின் வயது, பகலில் அவர்களைப் பார்த்துக்கொள்வது யார் என்று எழுதுங்கள். ஆண்களும் போடுங்கள், பிள்ளை உங்களுடையதும்தான். எழுதத் தெரியாதவர்களுக்கு எழுதிக் கொடுக்க முன்வரிசையில் இரண்டு பெண்கள் உட்கார்ந்திருக்கிறார்கள்.