வெள்ளவத்தையில் ஒரு விலாசம்

(கொழும்புக் கிளை ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)



நான் குடியிருக்கும் வெள்ளவத்தையைப் பற்றிப் பேசச் சொன்னீர்கள். மீரியபெத்தக்காரியான எனக்கு இங்கே முதலில் கண்ணில் பட்டது கடலல்ல, கதவிலக்கம். காலி வீதியிலிருந்து ரயில் பாதைப் பக்கம் இறங்கும் ஒழுங்கைகளில் மாடிக்கு மாடி வீடு. ஒவ்வொன்றுக்கும் இலக்கம், கடைசியில் ‘கொழும்பு 06’. ராமகிருஷ்ண மிஷன், சவோய் தியேட்டர் என்று அடையாளமும் சொல்லலாம். ஆனால் 1983 ஜூலையில் வாக்காளர் பட்டியலைப் பார்த்துத்தான் தமிழர் வீடுகளைத் தேடி வந்தார்கள். இலக்கத்தால் வந்த வினையும் உண்டு.

எங்கள் லயக் காம்பராவுக்கு இலக்கமே இல்லை. கடிதம் தோட்டத்து ஆபீசுக்கு வரும்; அங்கிருந்து யார் கையிலாவது வரும். 2014 அக்டோபர் 29 காலை மலை சரிந்து லயங்களை மூடியது. பள்ளிக்கூடம் போயிருந்த பிள்ளைகள் பலர் தப்பினார்கள். மண்ணுக்குள் எத்தனை பேர்? முதலில் சொன்ன கணக்கு வேறு, பிறகு சொன்னது வேறு. இங்கே எங்கள் மாடியில் யார் யார் இருக்கிறார்கள் என்று வாசல் செக்யூரிட்டி ஐயாவுக்கே தெரியும்.

தப்பியவர்களுக்கு 2016இல் 75 தனி வீடுகள் கிடைத்தன. மற்றத் தோட்டங்களில் இன்னும் எத்தனையோ லயங்கள்.

நூற்றாண்டு மலருக்குப் பெயர்ப்பட்டியல் எடுக்கிறீர்கள். தோட்டத்தில் இருக்கும் நம் பிள்ளைகளின் விலாசக் கோட்டை வெறுமையாக விடாதீர்கள். டிவிசன், லயம், எத்தனையாவது காம்பரா, எல்லாவற்றையும் கேட்டு எழுதுங்கள்.